மழை அறையில் ஒரு கார்

செத்தவர் உட்கார்ந்த சீட்டில் என்னை ஏறி உட்காரச் சொன்னார் சர்வேயர்.

"நான் எதுக்கு சார்? ஒரு பொம்மையை வச்சுப் பார்க்கலாமே."

"மாட்டினா எங்க வலிக்குதுன்னு பொம்மை சொல்லாது. நீ ஊரைக் கூட்டிச் சொல்லுவே. ஏறு."

இப்படித்தான் என் பிழைப்பு ஓடுகிறது. பார்சல் வண்டி ஓட்டிக்கொண்டு சிவனே என்று இருந்தவனைத் துப்பறியலாம் வா என்று கூட்டிவந்து, கழுத்து நசுங்கிச் செத்த மனிதரின் இடத்தில் உட்காரவைக்கிறார். என் முதலாளிக்குச் சர்வேயர் என்ற பெயர் நிலம் அளந்து வந்ததில்லை. இன்ஷூரன்ஸ் கம்பெனிகளுக்காக மோதி நசுங்கின கார்களைப் பார்த்து, தப்பு யார் மேல் என்று சொல்லிவந்தவர். கார்களுக்குப் பொய் சொல்லத் தெரியாது, அதனால் அந்த வேலை அலுத்துப்போய் மனிதர்கள் பக்கம் வந்துவிட்டார். எனக்கு அவர் வைத்த பெயர் ரேடியோ. காரணம் கேட்காதீர்கள், கேட்டால் சொல்ல ஆரம்பித்துவிடுவேன்.

நாங்கள் நின்ற இடத்துக்கு மழை அறை என்று பெயர். நாலு சுவரிலும் வெள்ளை டைல்ஸ், தலைக்கு மேல் ஓட்டை போட்ட குழாய்கள், நடுவில் அந்தக் கார். கூரையை மடித்துப் பின்பக்கம் வைத்துவிட்டுக் காற்று வாங்கிக்கொண்டு போகிற வகைக் கார். கூரை இரும்பு இல்லை, துணி. நடுவில் ரப்பர் வைத்து இரண்டு பக்கமும் நெய்த துணியை ஒட்டியது. வெளியே கறுப்பு, உள்ளே வெள்ளை லைனிங். காரின் மேல் கறுப்பு டேப் ஒட்டித் தையல் எங்கே வரவேண்டும் என்று முடிவு செய்வதிலிருந்து, வேகத்தில் காற்று உப்பவைக்காதபடி இழுத்து மாட்டுவது வரை எல்லாம் இந்தப் பட்டறையில்தான். கூரை ஒழுகுகிறதா என்று பார்க்க இந்த அறையில் மழை பெய்யவைப்பார்கள். ஒழுகினால் கண்ணில் படவேண்டும் என்று தண்ணீரில் ரோஸ் சாயம் கலப்பார்கள். உள்ளே வந்த கொஞ்ச நேரத்தில் என் புது வெள்ளை பேன்ட்டின் கால் விளிம்பு ரோஸ் ஆகிவிட்டது.

முந்தாநாள் இங்கேதான் பட்டறை முதலாளி செத்துக் கிடந்தார். சீட்டில் முழங்கால் போட்டு முன்னால் சாய்ந்தபடி, மூடிவந்த கூரையின் முன்பக்க இரும்புச் சட்டத்துக்கும் கண்ணாடியின் மேல்விளிம்புக்கும் நடுவில் கழுத்து மாட்டி.

அப்படி யாராவது மாட்டினால் மோட்டார் தானாக நிற்க வேண்டும். அதற்காகச் சட்டத்தின் அடியில் ஒரு ரப்பர் பட்டை இருக்கிறது. அதற்குள் சென்சார். பட்டையில் ஒரு விரல் பட்டாலே கூரை நின்றுவிட வேண்டும். அந்தச் சென்சார், செத்தவருடைய அக்கா மகளின் பொறுப்பு. அதனால் அவள் இப்போது போலீஸ் ஸ்டேஷனில் இருந்தாள். சாயங்காலம் கோர்ட்டுக்குக் கொண்டுபோகப் போகிறார்கள்.

எங்களைக் கூப்பிட்டது அவள் அம்மா, அதாவது செத்தவரின் அக்கா. பட்டறையில் எல்லோருக்கும் கட்டிங் அக்கா. கூரைத் துணியை வெட்டுவது அவர் வேலை. ஒரு முழு ரோலைத் தனியாகத் தோளில் தூக்கிப் போகிற உடம்பு. தம்பியைப் பறிகொடுத்து, மகளையும் பறிகொடுக்கப் போகிற அந்த அம்மாள் மழை அறையின் வாசலிலேயே நின்றார். உள்ளே கால் வைக்கவில்லை.

"என் தம்பிதான் அந்தப் பட்டையில என்னமோ பண்ணிட்டான் சார்," என்றார். "அதை மட்டும் நிரூபிச்சுக் குடுங்க. என் பொண்ணு மேல தப்பில்ல."

கவிழ்த்துப் போட்ட பக்கெட்டின் மேல் உட்கார்ந்திருந்த இன்ஸ்பெக்டர் கொட்டாவி விட்டார். சர்வேயருக்குப் பழைய சிநேகிதர். அந்த உரிமையில்தான் எங்களை உள்ளே விட்டிருந்தார்.

"முதல் நாள் மாமனும் மருமகளும் போட்ட சண்டையைப் பட்டறையே கேட்டிருக்கு," என்றார். "சென்சாரை லூஸ் பண்ணுன்னு அவர், முடியாதுன்னு இவ. மறுநாள் சென்சார் வேலை செய்யல, ஆள் காலி. கேக்கறதுக்கு எப்படி இருக்கு?"

நான் சீட்டில் முழங்கால் போட்டேன். கூரை பாதி மூடின நிலையில் நின்றிருந்தது, மின்சாரத்தை எடுத்துவிட்டிருந்தார்கள். தலை லைனிங்கில் இடித்தது. அண்ணாந்து பார்த்தேன்.

"என்ன தெரியுது?" என்றார் சர்வேயர்.

"வெள்ளைத் துணி. கல்யாணப் பந்தல்ல படுத்திருக்கிற மாதிரி இருக்கு. இறங்கட்டுமா?"

"இரு."

அவர் விரலால் அந்த ரப்பர் பட்டையை ஒரு ஓரத்திலிருந்து அழுத்திக்கொண்டே வந்தார். நடுவுக்கு வந்ததும் நின்றார். திரும்ப அழுத்தினார். என் விரலைப் பிடித்து அதே இடத்தில் வைத்தார். ஓரத்தில் மெத்தென்று இருந்த பட்டை நடுவில் பலகை மாதிரி இருந்தது.

இன்ஸ்பெக்டரின் அனுமதியோடு பிளேடால் கீறினார். உள்ளிருந்து விறைப்பான கேன்வாஸ் துண்டு ஒன்று நீட்டிக்கொண்டு வந்தது. பட்டையின் உறைக்குள் செருகி, வெளியே தெரியாதபடி கையால் தைத்திருந்தார்கள். அது உள்ளே இருக்கும்வரை கழுத்து என்ன, யானைக் காலே மாட்டினாலும் சென்சாருக்குத் தெரியாது.

எனக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். "முடிஞ்சுது சார். சென்சார்ல கோளாறே இல்ல. எவனோ ஊசி நூலோட வந்து அதுக்கு வாய்ப்பூட்டு போட்டிருக்கான். பொண்ணை விட்டுடுங்க."

வாசலில் கட்டிங் அக்கா கண்ணை மூடித் திறந்தார். "அது என் தம்பி தையல் சார். நான் அடிச்சுச் சொல்வேன்."

இன்ஸ்பெக்டர் எழுந்து வந்து கேன்வாஸை வாங்கிப் பார்த்தார். கொட்டாவி போயே போய்விட்டது.

"நன்றி சர்வேயர்," என்றார். "இதுவரைக்கும் அவ மேல கவனக்குறைவுன்னுதான் கேஸ். மறந்துட்டா, தப்பா செட் பண்ணிட்டான்னு நினைச்சேன். இது வேணும்னே வச்சுத் தைச்சது. பட்டையைக் கழட்டி மாட்டற ஆள் அவ ஒருத்திதான். இப்ப இது கொலை."

"அவளுக்கு ஊசி பிடிக்கவே தெரியாது சார்," என்றார் கட்டிங் அக்கா. குரல் உடைந்துவிட்டது.

"பெத்தவ அப்படித்தான் சொல்லுவா."

அந்த அம்மாள் சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். காப்பாற்ற வந்த நாங்களே கயிற்றை இறுக்கிவிட்டோம். சர்வேயர் மேல் ஆத்திரமாகக்கூட வந்தது. விரலை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

அவரோ மூலையில் நின்ற வயதான ஆளிடம் போனார். குழாயைத் திறந்து மூடுகிறவர் அவர். பட்டறையில் அவருக்கு மழைக்காரர் என்று பெயர். செத்தவரை முதலில் பார்த்ததும் அவர்தான்.

"அன்னைக்கு என்ன டெஸ்ட்?"

"ஈர மடிப்பு டெஸ்ட் சார். மழையை நிறுத்தின கையோட, தண்ணி சொட்டச் சொட்டக் கூரையைப் பின்னால மடிக்கணும். கொஞ்ச நேரம் அப்படியே விட்டுத் திரும்ப மூடணும். முதலாளியோட புதுத் துணி, ஈரத்துல மடிச்சாலும் ஒண்ணும் ஆகாதுன்னு காட்டணுமாம்."

"நீங்க அப்ப எங்க?"

"மழையை நிறுத்தினதும், நீ போய் டீ குடி, மடிக்கறதை நான் பார்த்துக்கறேன்னு அனுப்பிட்டார். திரும்பி வந்தா இப்படி."

"வழியில யாரையாவது பார்த்தீங்களா?"

"இல்ல சார். எல்லாரும் கட்டிங் ஹால்ல, தையல் ஹால்ல அவங்கவங்க வேலையில இருந்தாங்க. இந்த அறைக்கு ரெண்டு பக்கத்துலேருந்தும் கதவு உண்டு. யாரு வந்தா, யாரு போனான்னு நான் எங்க பார்த்தேன்."

சர்வேயர் டார்ச்சை எடுத்துக் கூரையின் வெளிப்பக்கக் கறுப்புத் துணியில் சாய்வாக அடித்து வெகுநேரம் பார்த்தார். என்னவென்று கேட்டேன். கோடு என்றார். அதற்கு மேல் அவரிடமிருந்து ஒரு வார்த்தை வாங்குவதற்கு நான் மறுபிறவி எடுக்க வேண்டும்.

*

ஸ்டேஷனில் அந்தப் பெண் ஒரு பெஞ்சின் நுனியில் உட்கார்ந்திருந்தாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. நான் டீ வாங்கிக் கொடுத்தேன். வாங்கிக் கீழே வைத்தாள்.

"அம்மாகிட்ட சொல்லிடுங்க சார், எனக்காக வக்கீல் எல்லாம் வேண்டாம்னு," என்றாள். "என் சென்சார்தான் மாமாவைக் கொன்னுச்சு. எங்கேயோ தப்பு விட்டிருக்கேன். என்ன தண்டனை குடுத்தாலும் வாங்கிக்கறேன்."

"தப்பு சென்சார்ல இல்லம்மா," என்று சர்வேயர் கேன்வாஸ் விஷயத்தைச் சொன்னார். அவள் காதில் அது ஏறினதாகத் தெரியவில்லை.

"அப்பா போனப்புறம் மாமாதான் சார் எங்களைக் கூட்டிட்டு வந்தார். மூணு பேரும் ஒரே வீடுதான். என்னைப் படிக்கவச்சது, ஸ்கூட்டர் ஓட்டச் சொல்லிக் குடுத்தது, காய்ச்சல்னா ராத்திரி பூரா முழிச்சிருந்தது எல்லாம் அவர்தான். அன்னைக்குச் சண்டை போட்டேனே, அதுதான் அவர்கிட்ட நான் கடைசியா பேசினது."

சர்வேயர் கைக்குட்டை கொடுக்கிற ரகமில்லை. அவர் கேள்விதான் கொடுப்பார்.

"சண்டை எதுக்கு?"

"ஈரமானா துணி கனமாயிடும் சார். மூடறப்ப அந்தக் கனம் பட்டையை அழுத்தினதும், ஏதோ மாட்டிடுச்சுன்னு நினைச்சு சென்சார் மோட்டாரை நிறுத்திடும். கார் கம்பெனிக்காரங்க முன்னால அப்படி ரெண்டு தரம் பாதியில நின்னுடுச்சு. மாமாவுக்கு மானம் போன மாதிரி ஆயிடுச்சு. லூஸ் பண்ணுன்னார். நாளைக்கு ஒரு குழந்தை கை வச்சா என்ன ஆகும் மாமான்னு நான் ஒத்துக்கல."

"ஈரத்துல மடிக்கறதுக்கு உங்க அம்மா என்ன சொன்னாங்க?"

"அம்மாவுக்கு ஆகவே ஆகாது. அவங்க வேலை கத்துக்கிட்ட காலத்துலேருந்து ஈரக் கூரையை யாரும் மடிச்சதில்ல. மடிச்சா பூஞ்சை பிடிச்சு, சுருங்கி, துணி செத்துடும்பாங்க. அந்த டெஸ்ட் நடக்கறப்ப அந்தப் பக்கமே வரமாட்டாங்க."

"டெஸ்ட் முடிஞ்சு பார்த்தா உள்ள எப்படி இருக்கும்?"

"மடிப்புல தேங்கின தண்ணி பூரா உள்ள இறங்கும் சார். வெள்ளை லைனிங் முழுக்க ரோஸ் கோடு கோடா வரும். சீட்லயும் சொட்டும். அதைப் பார்த்துத்தான் எங்க ஈரம் நிக்குதுன்னு தெரிஞ்சுக்குவோம்."

சர்வேயர் என் பக்கம் திரும்பினார். "ரேடியோ, காலையில காருக்குள்ள அண்ணாந்து பார்த்தியே. என்ன இருந்தது?"

நான் வாயைத் திறந்தேன். கல்யாணப் பந்தல் என்று சொல்ல வந்தவன் நடுவிலேயே நிறுத்தினேன். அந்த லைனிங்கில் ஒரு ரோஸ் பொட்டுகூட இல்லை. என் பேன்ட்டில் கால் விளிம்புதான் ரோஸ், முழங்கால் போட்ட இடம் வெள்ளையாகவே இருந்தது. குனிந்து இன்னொரு தரம் பார்த்துக்கொண்டேன்.

"சீட்டும் சுத்தம் சார். எல்லாமே சுத்தம்."

"அப்ப மழை நின்னதும், யாரோ அந்தக் கூரையை நல்லாத் துடைச்சுக் காயவச்சு, அப்புறம்தான் மடிச்சிருக்காங்க," என்றார் சர்வேயர் மெதுவாக. "ஈரத்துல மடிக்கறதுக்குன்னே வச்ச டெஸ்ட்ல. உங்க மாமா துடைச்சிருப்பாராம்மா?"

அந்தப் பெண்ணின் அழுகை நின்றுவிட்டது. முகத்தில் இருந்த ரத்தமெல்லாம் எங்கே போயிற்று என்று தெரியவில்லை. கீழே வைத்த டீயையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு எழுந்து நேராக இன்ஸ்பெக்டரின் மேஜைக்குப் போனாள்.

"நான்தான் பண்ணேன் சார். வேணும்னே பண்ணேன். பட்டையில கேன்வாஸ் வச்சுத் தைச்சேன். அவரை அடிச்சேன். கூரையைத் துடைச்சு மடிச்சேன், அவர் மேல மூடினேன். எழுதிக்கங்க."

இன்ஸ்பெக்டர் பேனாவைத் தேட ஆரம்பித்தார். எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

"சார், இது என்ன கூத்து," என்று சர்வேயரை வெளியே இழுத்துவந்தேன். "இவ்வளவு நேரம் தெரியாம கொன்னுட்டேன்னு அழுதா. இப்பத் தெரிஞ்சே கொன்னேங்கறா. அதுவும் அடிச்சாளாம். அடிச்சதா யாருமே சொல்லலையே."

"அதைத்தான் நானும் யோசிக்கறேன். யாரோ துடைச்சு மடிக்கறவரைக்கும் அந்த மனுஷன் சும்மா பார்த்துட்டு இருந்திருக்க மாட்டார். அதுக்கு முன்னாலயே அடி விழுந்திருக்கணும். அதை அவ இப்பதான் யோசிச்சுக் கண்டுபிடிச்சா. என்னை விட வேகமா."

"அப்ப அவ இல்லையா?"

"கூரை காய்ஞ்சிருந்ததுன்னு நான் சொன்னப்ப அவ கண்ணைப் பார்த்தியா? யாருன்னு அவளுக்குத் தெரிஞ்சுடுச்சு." சர்வேயர் பெருமூச்சு விட்டார். அவர் பெருமூச்சு விட்டு நான் பார்த்ததில்லை. "இந்தக் கேஸை எடுத்திருக்கக் கூடாது, ரேடியோ."

"பொண்ணைக் காப்பாத்தணும்னு வாக்குக் குடுத்திருக்கோம் சார்."

"ஆமா. அதான் கஷ்டம்."

*

சாயங்காலக் கோர்ட்டுக்கு முன்னால் நேரம் கேட்டு, இன்ஸ்பெக்டரைக் கெஞ்சிக் கூத்தாடி, அந்தப் பெண்ணை மழை அறைக்குக் கூட்டிவந்தோம். செத்தவர் கிடந்த காரை ஓரமாகத் தள்ளிவிட்டு, அதே மாதிரி இன்னொரு காரை நடுவில் நிறுத்தச் சொன்னார் சர்வேயர். கட்டிங் அக்கா இந்தத் தடவையும் வாசலில்தான் நின்றார். மகளைப் பார்த்ததும் ஓர் அடி முன்னால் வந்தார். பக்கத்தில் இருந்த பெண் போலீஸ் தடுத்தார்.

"சாப்பிட்டியாடி?"

மகள் அம்மாவின் முகத்தைப் பார்க்கவே இல்லை.

மழைக்காரர் குழாயைத் திறந்தார். கூரையின் மேல் ரோஸ் மழை அடித்தது. இறுக்கி மாட்டின துணி மேளம் மாதிரி அதிர்ந்தது. நிறுத்தினதும் அறை முழுக்கச் சொட்டுச் சத்தம். சர்வேயர் ஒரு பழந்துணியை அந்தப் பெண்ணிடம் நீட்டினார்.

"அன்னைக்கு எப்படித் துடைச்சே? அதே மாதிரி செஞ்சு காட்டு."

அவள் வாங்கிக்கொண்டாள். கூரையின் மேல் வைத்து, சாப்பாட்டு மேஜையைத் துடைக்கிற மாதிரி வட்டம் வட்டமாகத் தேய்த்தாள். தண்ணீர் அந்தப் பக்கம் போய் இந்தப் பக்கம் வந்தது. தையல் ஓரங்களில் நுரை கட்டியது. அவள் இன்னும் அழுத்தித் தேய்த்தாள். அழுதுகொண்டே தேய்த்தாள். நான் வாசலைப் பார்த்தேன்.

கட்டிங் அக்காவின் கண் மகளின் கையை விட்டு நகரவில்லை. என்ன நடக்கிறது என்று அவருக்குப் புரிந்துவிட்டது. பிறகு பெண் போலீஸின் கையை மெல்ல விலக்கிவிட்டு, அன்று முழுக்கக் கால் வைக்காத அந்த அறைக்குள் நடந்து வந்தார்.

"குடுடி," என்றார்.

"போம்மா நீ. உனக்கு ஒண்ணும் தெரியாது, போ."

"குடு."

துணியை வாங்கிப் பிழிந்தார். நாலாக மடித்தார். கூரையின் முன்பக்கத்தில் வைத்து, பின்கண்ணாடி வரைக்கும் ஒரே இழுப்பில் நேராகக் கொண்டுபோனார். பிழிந்தார். பக்கத்தில் அடுத்த இழுப்பு. எல்லாம் நீளவாட்டத்தில். குறுக்கே ஒரு தடவைகூடக் கை போகவில்லை. துணி காய்ந்துகொண்டே வந்தது.

"இவளுக்குத் துணியைத் தொடவே தெரியாது சார்," என்றார் இன்ஸ்பெக்டரைப் பார்த்து. "நான்தான் துடைச்சேன். நான்தான் அடிச்சேன். அவளை விட்டுடுங்க."

சர்வேயர் ஓரத்தில் நின்ற காரின் கூரையில் டார்ச் அடித்தார். இன்ஸ்பெக்டர் போய்க் குனிந்து பார்த்தார். நானும் பார்த்தேன். கறுப்புத் துணியில் மங்கலான ரோஸ் கோடுகள், முன்னாலிருந்து பின்னால் வரை, எல்லாம் ஒரே வாட்டத்தில்.

"எதுக்கும்மா அடிச்சீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். அவர் குரலில் போலீஸ்காரன் தெரியவில்லை.

கட்டிங் அக்கா துணியைக் கையிலேயே வைத்திருந்தார். "அன்னைக்குக் காலையில கேன்வாஸ்ல துண்டு துண்டா நறுக்கி வச்சிருக்கிறதைப் பார்த்தேன். எதுக்குடான்னு கேக்கறதுக்கு இங்க வந்தேன். கதவைத் திறந்துவச்சுக்கிட்டு கார்ல உட்கார்ந்திருந்தான். இந்தக் கார்ல வச்சுத் தைச்சுட்டேன்க்கா, அனுப்பப் போற எல்லாக் கூரைக்கும் வைக்கப் போறேன், அப்பதான் பாதியில நிக்காதுன்னான். சென்சார் என் பொண்ணு பேர்ல இருக்கேடா, எவன் வீட்டுக் குழந்தை கையாவது போனா அவளைத்தானே பிடிப்பாங்கன்னேன்."

"அதுக்கு அவர் என்ன சொன்னார்?"

"சின்னப் பொண்ணு, அவளுக்கு என்ன பெரிசா குடுத்துடுவாங்க, ஒரு வருஷம் ரெண்டு வருஷம்னு சிரிச்சான்." அவர் மகளைப் பார்த்தார். "தூக்கி வளர்த்தவன் சார். அவன் வாயால அதைக் கேட்டேன். துணி நகராம இருக்க மேல வைக்கற இரும்புக்கட்டி என் கையில இருந்துச்சு. பிடரியில ஓங்கிப் போட்டேன். அவ்வளவுதான் தெரியும்."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. யார் மேல் என்றுதான் தெரியவில்லை. கேட்டே விட்டேன்.

"அப்புறம் எதுக்கும்மா எங்களைக் கூப்பிட்டீங்க?"

"ஆக்சிடென்ட்னு விட்டுடுவாங்கன்னு நினைச்சேன் தம்பி. இவளைப் பிடிப்பாங்கன்னு நினைக்கவே இல்ல. அவன் தையலைக் காட்டிட்டா இவளை விட்டுடுவாங்கன்னு உங்ககிட்ட வந்தேன்." மூச்சு வாங்கினார். "நேத்தே ஸ்டேஷனுக்குக் கிளம்பினேன். இவளுக்கு மாமான்னா உயிர். நான்தான்னு தெரிஞ்சா என் மூஞ்சில முழிக்க மாட்டாளேன்னு பாதி வழியில திரும்பிட்டேன்."

இன்ஸ்பெக்டருக்கு ஒரு சந்தேகம் பாக்கி இருந்தது. "துடைக்காம அப்படியே மடிச்சிருந்தா எவனும் கண்டுபிடிச்சிருக்க மாட்டானேம்மா. ஏன் துடைச்சீங்க?"

கட்டிங் அக்கா கையிலிருந்த துணியைக் குனிந்து பார்த்தார்.

"கூரையை மடிச்சாத்தானே அவன் கழுத்தை வச்சு மூட முடியும். பட்டனை அமுக்கத்தான் போனேன். ஈரமா இருந்துச்சு. கை வரல சார். கூடப் பொறந்தவன் செத்துக் கிடக்கான், எனக்கு அந்தத் துணி கெட்டுப் போயிடுமேன்னு இருந்துச்சு. அது என்ன மனசுன்னு எனக்கே புரியல."

சர்வேயர் சுவர்ப் பக்கம் போய்த் திரும்பி நின்றுகொண்டார். பெண் போலீஸ் கட்டிங் அக்காவின் கையிலிருந்த துணியை வாங்கிக் கீழே வைத்தார். இன்ஸ்பெக்டர் அந்தப் பெண்ணிடம், நீ போகலாம்மா, பார்மாலிட்டி எல்லாம் நாளைக்குப் பார்த்துக்கலாம் என்றார். அவள் நகரவில்லை. நாங்கள் வாங்கிக் கொடுப்பதாகச் சொன்ன விடுதலையை வாங்கிக் கொடுத்துவிட்டோம். அதை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் அவள் காரின் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள்.

கட்டிங் அக்காவைக் கூட்டிக்கொண்டு போனார்கள். மகளைத் தாண்டும்போது அவர் நின்றார். தொடலாமா வேண்டாமா என்று கை தயங்கியது. தொடவில்லை.

"ரெண்டு நாளா ஒண்ணும் சாப்பிட்டிருக்க மாட்டே. வீட்டுக்குப் போ. போய் ஏதாவது செஞ்சு சாப்பிடு."

அந்தப் பெண் அப்போதுதான் முதல் தடவையாக அம்மாவை நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் வெறுப்பு இருக்கும் என்று நான் நினைத்தேன். இல்லை. வழி தெரியாத குழந்தை கேட்கிற மாதிரிதான் கேட்டாள்.

"அங்க யாரும்மா இருக்கா?"

கட்டிங் அக்கா மகளையே பார்த்தார். பெண் போலீஸ் தோளைத் தொட்டதும் குனிந்த தலையோடு வெளியே போய் ஜீப்பில் ஏறினார்.